கழுத்தில் பொறித்த தேதி

2024ஆம் ஆண்டில் தீபாவளி கழிந்த மூன்றாம் நாளே கல்லறைத் திருநாள் வந்துவிட்டது. சிவகாசிக்கு அண்டை ஊர்க்காரர்களாகிய எங்களுக்கு அந்த வாரம் முழுவதும் காற்றில் வெடிமருந்தின் நெடி இருக்கும். திருவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் அன்று மாலை அந்த நெடியோடு மெழுகுதிரிப் புகையும் சாமந்திப்பூ வாசமும் கலந்திருந்தன. பங்குத்தந்தை ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். என் தம்பியின் கல்லறைக்கு அவர் வந்து சேருமுன், அருகில் நின்ற தம்பி மகன் தணிந்த குரலில் என்னிடம் ஒன்று கேட்டான்.

“பெரியப்பா, அன்றைக்கு நீங்கள் கொண்டுபோன சிலிண்டரின் கழுத்தில் என்ன தேதி இருந்தது? வாசித்தீர்களா?”

நான் வாசித்திருக்கவில்லை. எனக்காக வேறொருவர் வாசித்தார். அவரைத்தான் மூன்றரை ஆண்டுகளாக எங்கள் குடும்பம் மன்னிக்காமல் இருந்தது.

இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவன் நான். வெல்டிங் வேலைக்கான ஆக்சிஜன் சிலிண்டர்களோடு பழகியே என் வாலிபம் கழிந்தது. கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்து. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவு. லாரியிலிருந்து இறக்குகையில் கீழே பழைய டயரைப் போட்டு அதன்மேல் தள்ளுவோம். ஓரமாகச் சாய்த்து, ஒரு கையால் தலையைப் பிடித்து மறு கையால் சுழற்றிக்கொண்டே உருட்டிச் செல்வது ஒரு கலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். மதிய உணவு வேளையில் அதன்மேல் சாய்ந்து கண்ணயர்ந்தும் இருக்கிறேன். ஆனால் அதன் கழுத்தில் உளிகொண்டு அடித்ததுபோல் பொறித்திருக்கும் எண்களும் எழுத்துகளும் என்ன சொல்கின்றன என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அது கடைக்காரன் கணக்கு என்று எண்ணியிருந்தேன்.

2021ஆம் ஆண்டு மே மாதம். ஊரடங்கு. திருவில்லிபுத்தூரில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. விரலில் மாட்டும் கருவி 84 என்று காட்டியது. மருத்துவமனையில் படுக்கை இல்லை. வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துச் சமாளியுங்கள், இடம் கிடைத்ததும் அழைக்கிறோம் என்றார்கள். நான் இராஜபாளையத்தில் இருந்தேன். பழைய ஆலைக்கு ஓடினேன். என்னோடு வேலை பார்த்தவர் ஸ்டோரில் இருந்தார். கொட்டகையின் மூலையில் ஒட்டடை படிந்து கிடந்த வெற்றுச் சிலிண்டர் ஒன்றைக் கொடுத்தார். சிறிய சரக்கு வேன் ஒன்றில் ஏற்றிக்கொண்டு, இராஜபாளையத்திலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு நிரப்பு நிலையத்துக்குப் போனேன்.

வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். எல்லாருடைய முகமும் துணியால் மூடியிருந்தது; கண்கள் மட்டும் தெரிந்தன. அவ்வளவு பேர் நின்ற இடத்தில் அத்தனை அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு மணி நேரத்துக்குப்பின் என் முறை வந்தது. நிரப்புகிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். என் சிலிண்டரின் கழுத்தை ஈரத்துணியால் துடைத்தார். கைவிளக்கை அடித்துக் குனிந்து படித்தார். கைப்பிடிச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, “ஐயா, இது கடைசியாகச் சோதனைக்குப் போனது 2011இல். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போயிருக்க வேண்டும். இதில் நான் நிரப்ப மாட்டேன்” என்றார்.

நான் கெஞ்சினேன். தம்பியின் நிலையைச் சொன்னேன். கழுத்திலிருந்த செபமாலையைக் கையில் எடுத்துக் காட்டியதாகவும் நினைவு. அவர் ஒரு சொல் மட்டும் கூடுதலாகச் சொன்னார்: “இது வெடிக்காமலும் இருக்கலாம் ஐயா. ஆனால் வெடித்தால் இங்கே என்னோடு நிற்கிற இத்தனை பேரும் போவார்கள்.” பின்னாலிருந்தவரை அழைத்துவிட்டார்.

அன்று நான் பேசிய பேச்சை எழுத்தில் வைக்கக் கூசுகிறேன். வேறு சிலிண்டர் கிடைக்க மூன்றரை மணி நேரமாயிற்று. பங்கிலுள்ள இளைஞர்கள் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஒரு பெரிய சிலிண்டரில் 7 கனமீட்டர், அதாவது 7,000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் விட்டால் பதினொன்றரை மணி நேரம். அந்தக் கணக்கைச் சுவரில் கரியால் எழுதி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாள் படுக்கை கிடைத்தது. நான்காம் நாள் தம்பி இறந்தான். உறையில் பொதிந்த உடலை நாங்கள் ஐந்து பேர் நின்று அடக்கம் செய்தோம்.

நுரையீரல் முன்பே வெகுவாகப் பழுதடைந்திருந்தது, அந்த மூன்றரை மணி நேரத்தால் வந்ததல்ல என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆனால் அன்றிரவு வீட்டுக்குள் நுழைந்ததுமே நான் தம்பி மனைவியிடம் சொல்லியிருந்த சொல் ஒன்று உண்டு: “காற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிறான் ஒருவன்.” மருத்துவரின் சொல் அவள் காதில் ஏறவில்லை, என் சொல் ஏறிவிட்டது. அந்த நிலையம் இருக்கும் சாலையில் பேருந்து போகும்போதெல்லாம் அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். விடியற்காலைத் திருப்பலியை ஒருநாளும் தவறவிடாதவள். தன்னால் மன்னிக்க முடியவில்லை என்று பாவசங்கீர்த்தனத்தில் பலமுறை சொல்லியிருப்பதாக என்னிடமே கூறியிருக்கிறாள்.

தம்பி மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது. மறு ஆண்டு வேலை தேடி அந்தமானுக்குப் போனான். இப்போது சுவராஜ் தீவு என்று பெயர் மாறியிருக்கும் ஹேவ்லாக்கில், சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் அழைத்துச் செல்லும் கடை ஒன்றில் சேர்ந்தான். முதலில் படகு கழுவினான்; பிறகு முக்குளிப்போர் முதுகில் கட்டிக்கொள்ளும் காற்றுச் சிலிண்டர்களை நிரப்பும் பொறுப்பு அவனிடம் வந்தது. தந்தை மூச்சுக்குத் தவித்து இறந்த பிள்ளைக்கு, ஊரார் மூச்சுக்குக் காற்றை அடைத்துக் கொடுக்கும் வேலை. இதை நானாக இட்டுக்கட்டியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

கல்லறையிலிருந்து வீடு திரும்பிய இரவும் மறுநாள் ஞாயிறும் அவன் எனக்குப் பாடம் நடத்தினான். முப்பத்தோரு ஆண்டுகள் சிலிண்டரை உருட்டியவன் இருபத்திரண்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி படித்தேன்.

முக்குளிப்போர் எடுத்துச் செல்வது பெரும்பாலும் அலுமினியச் சிலிண்டர். நீர் ஊற்றினால் 11 லிட்டர்தான் பிடிக்கும். அதில் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்றை அடைப்பார்கள். நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான். தனி ஆக்சிஜன் அல்ல. இதைப் பலரும் தவறாக எண்ணியிருக்கிறோம். அடைபட்ட அந்தக் காற்று ஒரே நொடியில் விடுபட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். ஒரு டன் எடையுள்ள காரை ஆண்டாள் கோயில் கோபுரத்தின் முக்கால் உயரத்துக்குத் தூக்கி எறியும் வலிமை அதற்குள் இருக்கிறது. நான் அணைத்துப் படுத்து உறங்கிய ஆலைச் சிலிண்டர் இன்னும் பெரியது. அது அதே காரைக் கோபுரத்தின் இருமடங்கு உயரத்துக்கும் மேல் வீசும். இராஜபாளையத்திலிருந்து வரும்போது தொலைவிலேயே கண்ணில் படும் அந்தக் கோபுரத்தை இப்போதெல்லாம் பார்க்கையில் எனக்கு அந்தக் கார்தான் நினைவுக்கு வருகிறது. 2022 அக்டோபரில் திருச்சிராப்பள்ளிக் கடைவீதியில் பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் ஒன்று வெடித்து ஒருவர் மாண்டதும் பலர் காயமுற்றதும் நாளேட்டில் வந்த செய்தி. அதை வாசித்து, “ஐயோ பாவம்” என்று பக்கத்தைத் திருப்பியவன்தான் நான்.

உலோகத்துக்கும் சோர்வு உண்டு. நிரப்பும்போதெல்லாம் சிலிண்டர் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிகிறது, காலியாகும்போது சுருங்குகிறது. உள்ளே ஒரு துளி ஈரம் புகுந்தாலும் எஃகு துருவேறும். அலுமினியத்தில் வெண்பொடி பூக்கும். துரு இரும்பைத் தின்பதோடு நிற்பதில்லை; மூடிக் கிடக்கும் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். பல மாதம் அப்படிக் கிடந்த சிலிண்டரை நம்பி நீரில் இறங்குகிறவன், மூச்சு இழுத்துக்கொண்டே மயங்கிப் போவான். 6351 என்ற எண்ணால் அறியப்படும் அலுமினியக் கலவையில் செய்த பழைய சிலிண்டர்களோ, எவரும் தொடாமல் அழுத்தத்தில் இருக்கும்போதே கழுத்தின் மறைக்குள் விரிசல் காணும் இயல்புடையவை. நிரப்பும் வேளையில் அவை வெடித்து வெளிநாடுகளில் பலருக்கு ஊனம் நேர்ந்திருக்கிறது. ஆகவேதான் ஆண்டுக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி, உள்ளே சிறு விளக்கை இறக்கிப் பார்க்கிறார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும் பெரியப்பா என்றான்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது பெரிய சோதனை. அதை அவன் விவரித்தபோது நான் உண்மையாகவே வியந்தேன். சிலிண்டர் நிறைய நீர் நிரப்பி, நீர் நிறைந்த மற்றொரு தொட்டிக்குள் இறக்கி மூடுவார்கள். பிறகு, அது வேலை செய்யும் அழுத்தத்தைவிட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக உள்ளே அழுத்துவார்கள். 150 அழுத்தத்தில் வேலை செய்யும் ஆக்சிஜன் சிலிண்டரென்றால் 250வரை ஏற்றுவார்கள். சிலிண்டர் விரிய விரிய வெளித்தொட்டியின் நீர் அளவுக் குழாயில் ஏறும். அழுத்தத்தைத் தளர்த்தியதும் இறங்கும். முழுதும் இறங்கிவிட்டால் நல்லது. விரிந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்காமல் நின்றுவிட்டால் அந்தச் சிலிண்டர் தன் நிலைக்குத் திரும்பும் ஆற்றலை இழந்துவிட்டது என்று பொருள். வேறு எவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி அதை அறுத்தே போடவேண்டும். காற்றுக்குப் பதில் நீரை ஏன் வைத்தார்கள் தெரியுமா? நீர் அமுங்காது, அமுங்காததால் சீற்றத்தைச் சேமித்து வைக்காது. உடைந்தாலும் பிளந்து ஒழுகுமே தவிரப் பாய்ந்து கொல்லாது. தேறிய சிலிண்டரின் கழுத்தில்தான் அந்தத் தேதி பொறிக்கப்படுகிறது.

இதற்கெல்லாம் சட்டம் உண்டு. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் வந்த வாயுச் சிலிண்டர் விதிகள் 1940இல் தொடங்கிப் பலமுறை திருத்தி எழுதப்பட்டு, 2016இல் புதிதாக வெளிவந்தன. சிவகாசிப் பட்டாசுக்கு உரிமம் வழங்குவதும் இதே துறைதான். எங்கள் மாவட்டத்துக்காரன் எவனும் பட்டாசுத் திரியை விளையாட்டாக எண்ணமாட்டான். சிலிண்டரை மட்டும் அண்டாவைப்போல் நடத்துகிறோம். உங்கள் அடுக்களையிலுள்ள எரிவாயுச் சிலிண்டரின் தலைப்பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஆண்டின் முதல் மூன்று மாதம், பி என்றால் அடுத்த மூன்று, இவ்வாறே சி, டி. எண்கள் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலத்துக்குள் அது மறுசோதனைக்குப் போயாக வேண்டும். படித்துப் பார்த்து வாங்கும் இல்லத்தரசிகள் இருக்கிறார்கள். ஃபிட்டர் வேலை பார்த்த நான் அவர்களில் ஒருவனாக இருந்ததில்லை.

நிரப்புவதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் தேதி. பிறகு, மிச்சமிருக்கும் காற்றைச் சிறிது திறந்து முகர்ந்து பார்ப்பது. எண்ணெய் வாடையோ புளித்த வாடையோ வந்தால் தள்ளி வைத்துவிட வேண்டும். முற்றிலும் காலியாக வந்த சிலிண்டரையும் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். அழுத்தம் இல்லாத இடத்தில் கடல்நீர் நுழைந்திருக்கக்கூடும். நிரப்புவதை மெதுவாகச் செய்யவேண்டும். அவசரப்பட்டால் சூடேறும், சூட்டில் அழுத்தம் நிறைந்ததுபோல் காட்டிவிட்டுக் குளிர்ந்ததும் குறையும். காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் உறிஞ்சு குழாய் வாகனப் புகையோ ஜெனரேட்டர் புகையோ எட்டாத இடத்தில், காற்று வரும் திசையை நோக்கி இருக்கவேண்டும். இதில்தான் அவன் மிகக் கண்டிப்பாக இருக்கிறான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். கரையில் தலைவலியோடு போகிற அளவு நஞ்சு, 30 மீட்டர் ஆழத்தில் நான்கு மடங்கு வலிமை பெற்றுவிடும்.

இதைக் கேட்டபோது எனக்குத் தூத்துக்குடி நினைவு வந்தது. பனிமய மாதா திருவிழாவுக்குப் போன இடத்தில், சங்கு குளிக்கிறவர்களோடு பேசியிருக்கிறேன். தூய சவேரியார் 1542இல் வந்து சேர்ந்த காலத்தில் அந்தக் கரையோரத்து நம் மக்கள் மூச்சை அடக்கி, கல்லைப் பற்றிக்கொண்டு முத்துக்குளித்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களில் பலர் இன்று படகில் கம்ப்ரசரை வைத்து, அதிலிருந்து நீளும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மன்னார் வளைகுடாவில் இறங்குகிறார்கள். டயருக்குக் காற்றடிக்கும் அதே வகைக் கருவி. அதை இயக்கும் எஞ்சினும் அதே படகில் பக்கத்தில் நின்று புகைவிடும். அவர்களுக்குக் கழுத்தில் தேதி பொறித்துக் கொடுக்க எவரும் இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒரு மணி நேரம் மீன் பார்க்கும் காற்றுக்கு இத்தனை காவல் இருக்க, வயிற்றுப்பாட்டுக்கு நாள்தோறும் இறங்குகிறவன் காற்றுக்கு ஒரு காவலும் இல்லாதிருப்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. பையனும் அதை மறுக்கவில்லை.

ஆக்சிஜன் சிலிண்டரில் இன்னொரு விதி இருக்கிறது. அதில் எண்ணெய்ப்பசை படவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜன் பாயும் வால்வில் ஒரு துளி எண்ணெயோ கிரீசோ இருந்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இது ஆலையில் எனக்கும் தெரிந்ததுதான். பெரிய வாரத்தில் ஆயர் கிறிஸ்மா எண்ணெய்மீது குனிந்து மூச்சை ஊதும் சடங்கைப் பார்க்கும்போதெல்லாம் என்னையறியாமல் இந்த விதி மனத்தில் குறுக்கிடும், தொழிற்புத்தி. 2021 ஏப்ரலில் நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களையும் மருத்துவ ஆக்சிஜனுக்கு மாற்றிக்கொள்ள அரசுத்துறை இசைவு கொடுத்தது. அந்த நெருக்கடியிலும், மாற்றுமுன் உள்ளிருந்த வாயுவை அகற்றித் தூய்மை செய்யும் வேலை இருந்தது. நான் கொண்டுபோனதோ பத்தாண்டு கொட்டகையில் கிடந்தது. அதற்குள் என்ன இருந்ததென்று கடவுளுக்கே வெளிச்சம்.

“நானும் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன் பெரியப்பா” என்றான் பையன். பணம் கட்டிவிட்ட விருந்தினர்கள் படகில் காத்திருக்க, தேதி தாண்டிய இரண்டு சிலிண்டர்களை ஓரமாக வைத்துவிட்டானாம். முதலாளி ஏசினாராம். “அந்த நேரத்தில் எனக்கு அந்த ஆள் முகம்தான் வந்தது. நான் பார்த்ததே இல்லை, இருந்தாலும் வந்தது. அவர் செய்தது சரி.”

அவன் விடைபெற்றுப் போனபின் நான் ஆலைக்குப் போனேன். அந்தச் சிலிண்டர் அதே மூலையில் கிடந்தது. கழுத்தைத் துடைத்து நானே படித்தேன்: 2011. ஸ்டோர்க்காரரிடம் சொல்லி, என் செலவில் அதைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்டால் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். அது தேறாமல் போகவேண்டும் என்று விரும்பினேன். அறுத்துப் போட்ட துண்டை ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்த் தம்பி மனைவியிடம் காட்டி, “பார் அம்மா, இது வெடித்திருக்கும்” என்று சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துச் சீட்டு வந்தது. சிலிண்டர் தேறிவிட்டது. விரிந்ததில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மீளாமல் நின்றிருந்தது. உள்ளே லேசான துரு, துலக்கினால் போய்விடும். கழுத்தில் புதிய தேதி பொறித்து அனுப்பியிருந்தார்கள்.

அன்றிரவு தொலைபேசியில் பையனிடம் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் கடலிரைச்சல் மட்டும் கேட்டது. “நல்ல சிலிண்டர் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவருக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

நிரப்பு நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். அதே மனிதர், தலை முற்றிலும் நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. விவரம் சொன்னேன். தேறிய செய்தியையும் மறைக்காமல் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டவர், “அந்த மாதத்தில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பினேன் ஐயா. யார் முகமும் மனத்தில் தங்கக்கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொள்வேன்” என்றார். பிறகு, “தம்பி பிழைத்தாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். தேநீர் வரவழைத்தார். இருவரும் குடித்தோம். வேறொன்றும் பேச வாய் வரவில்லை.

சோதனைச் சீட்டை மடித்து என் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். தம்பி மனைவியிடம் அதை இன்னும் காட்டவில்லை. ‘அப்படியானால் அன்று நிரப்பியிருக்கலாமே மச்சான்’ என்று அவள் கேட்பாள். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. கழுத்தைப் படிக்காமல் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான், வழியில் வேறு கொட்டகைகளில் கேட்டிருக்கலாம், வெறுப்பை உன் மனத்தில் விதைத்ததும் நான் என்று அவளிடம் சொல்லவேண்டும். இரண்டு முறை இராஜபாளையத்திலிருந்து பேருந்து ஏறித் திருவில்லிபுத்தூர் போய், பால்கோவா வாங்கிக் கொடுத்து, நலம் விசாரித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஞாயிறுதோறும் திருப்பலிக்குப்பின் தீவிலிருந்து பையன் அழைக்கிறான். உடல்நலம், மழை, அன்று நிரப்பிய சிலிண்டர்களின் எண்ணிக்கை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், “அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா பெரியப்பா?” என்கிறான். இந்த ஞாயிறும் கேட்டான்.